மூன்றாம் மாடித் தென்கோடி அறையின் பயன்பாடு

மாநகராட்சியிலிருந்து அந்தக் கடிதம் வந்த அன்று, அதைப் பிரித்து, பதிவேட்டில் எண் போட்டு, முதல்வரின் மேஜையில் கொண்டுபோய் வைத்தவள் நான்தான். நான் இருக்கும் இடத்துக்கே வேட்டு வைக்கப்போகிற காகிதம் அது என்று அப்போது தெரியாது. கல்லூரி முத்திரை கொஞ்சம் கோணலாக விழுந்துவிட்டதே என்று எரிச்சல்பட்டேன். எனக்கு அந்த மாதிரி விஷயங்களில்தான் கோபம் வரும்.

தெற்குக் கொல்கத்தாவில் ஒரு பெண்கள் கல்லூரி அது. முப்பது வருஷம் அங்கே வேலை பார்த்தேன். கடைசிப் பத்துப் பன்னிரண்டு வருஷம் தலைமை எழுத்தர். இங்குள்ள கல்லூரிகளில் அந்தப் பதவிக்குப் 'பொடோபாபு' என்று பேர், அதாவது பெரிய பாபு. அந்த நாற்காலியில் ஒரு பெண் வந்து உட்காருவாள் என்று பேர் வைத்தவர்கள் யோசிக்கவில்லை. நான் உட்கார்ந்தபோது பேரை மாற்றச் சோம்பல்பட்டு, பின்னால் ஓர் அக்காவை ஒட்டவைத்து 'பொடோபாபு தீதி' ஆக்கிவிட்டார்கள். என் சொந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட அந்த வளாகத்தில் ஒருவரும் மிச்சமில்லை. அங்கே பேச்செல்லாம் வங்காளத்தில்தான். இங்கே தமிழாக்கி எழுதுகிறேன்.

கடிதம் கேட்டது இதுதான். கல்வி நிலையம் என்பதால் அதுவரை எங்கள் வளாகம் முழுவதற்கும் சொத்து வரி கிடையாது. இனி அப்படி மொத்தமாக விட முடியாது. பாடம் நடக்கும் பகுதிக்கு மட்டும் விலக்கு உண்டு. கேன்டீன்காரருக்கு விட்டிருக்கிற கொட்டகை, வாசலில் இருக்கிற ஏ.டி.எம்., மொட்டைமாடியில் நிற்கிற செல்போன் கோபுரம், யாராவது குடியிருந்தால் அந்த இடம், இவற்றுக்கெல்லாம் வரி உண்டு. ஆகவே ஒவ்வோர் அறையையும் அளந்து, என்ன பயன்பாடு என்று எழுதி அனுப்ப வேண்டும். பிறகு ஓர் அதிகாரி நேரில் வந்து பார்ப்பார்.

ஆசிரியர் அறையில் அன்று ஒரே அமளி. "ஊர்ப் பிள்ளைங்களுக்குப் படிப்பு சொல்லிக் குடுக்கறோம். அதுக்கு ஊரே நம்மகிட்ட வரி கேக்குதா?" என்று பொருளாதார ஆசிரியை கேட்டார். எல்லாரும் தலையாட்டினார்கள். நான் கையெழுத்துக்கு ஒரு பைலை வைத்துக்கொண்டு ஓரமாக நின்றிருந்தேன். என் மனசு ஊரின் பக்கம் இருந்தது. ஒவ்வொரு மழைக்காலத்திலும் எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். மாநகராட்சி ஆட்கள் சாக்கடை மூடியைத் திறந்து மூங்கில் கழியால் குத்திக் குத்தித் தண்ணீர் இறங்கும்வரை அங்கேயே நிற்பார்கள். எங்கள் பெண்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த ஆட்களைத் தாண்டித்தான் பரீட்சை எழுத வருவார்கள். வந்து போகிற தண்ணீர் படிப்புத் தண்ணீரா வேறு தண்ணீரா என்று அவர்கள் பிரித்துப் பார்த்ததில்லை. ஊருக்குக் கேட்க உரிமை உண்டு என்றுதான் எனக்குத் தோன்றியது. ஆனால் அந்த அறையில் பொடோபாபுவின் அபிப்பிராயத்தை யாரும் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை.

என் அறையைப் பற்றி இப்போதே சொல்லிவிடுகிறேன். நான் அந்தக் கல்லூரியிலேயேதான் குடியிருந்தேன். மூன்றாம் மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் படிகளை ஒட்டித் தென்கோடியில் ஓர் அறை. கல்லூரிக்கு விடுதி இருந்த காலத்தில் காப்பாளரம்மாள் இருந்த இடம். விடுதியை மூடிய பிறகு உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைத்திருந்தார்கள். அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் போன பிறகு அம்மாவும் நானும் இதே ஊரில் டாக்குரியாவில் வாடகை வீட்டில் இருந்தோம். அம்மாவும் போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை, கட்டடத்தை இடித்துக் கட்டப்போவதாக வீட்டுக்காரர் சொன்னார். அப்போதிருந்த முதல்வர் விஷயத்தைக் கேள்விப்பட்டு, "வேற இடம் கிடைக்கிற வரைக்கும் மேல இருந்துக்கங்க தீதி. காலையில பம்ப் போடவும் கேட் தொறக்கவும் ஒரு ஆள் இருந்த மாதிரி ஆச்சு" என்றார். வாயால் சொன்னதுதான், காகிதம் எதுவும் இல்லை. வேறு இடம் கிடைக்கிறவரை என்பது பதினோரு வருஷமாக நீண்டது. நான் தேடவில்லை என்பதுதான் உண்மை.

பகலெல்லாம் ஆயிரம் பெண்கள் ஏறி இறங்குகிற கட்டடம். ஐந்து மணிக்கு மேல் நான் ஒருத்திதான். ஞாயிற்றுக்கிழமைகூடப் பரவாயில்லை. துர்கா பூஜை விடுமுறைதான் கொடுமை. ஒரு மாதம் போல யாரும் வரமாட்டார்கள். வெளியே தெருவெல்லாம் புதுப்புடவையும் கூட்டமுமாகப் போகும். பந்தல் மேளம் என் ஜன்னல் வரைக்கும் கேட்கும். உள்ளே நான்கு தளத்துக்கும் சேர்த்து நான் ஒருத்தி நடப்பேன், என் செருப்புச் சத்தம் எனக்கே பிடிக்காமல் வெறுங்காலோடு நடப்பேன். தமிழ் பேச ஆளே இல்லை. பால் பொங்கி வழியும்போது அதை வைவதற்கு மட்டும் தமிழ் பயன்பட்டது.

தம்பி சென்னையில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அவன் போன் வரும். எங்களுக்குப் பூர்விகம் திருநெல்வேலிப் பக்கம். நாங்கள் இருவரும் பிறந்தது இந்த ஊர் என்றாலும் அம்மாவின் பேச்சு எங்கள் நாக்கில் அப்படியே ஒட்டிக்கொண்டது.

"யக்கா, சாப்ட்டியா? எதுக்கு அங்க தனியா கெடக்க? இங்க வந்துரு."

"வந்தா எங்க இருப்பேன்?"

"ஹால்ல ஒரு கட்டிலப் போட்டா போச்சு."

இதை அவன் பாசமாகத்தான் சொல்வான். ஆனால் ஹாலில் கிடக்கும் கட்டில் பகலில் மடித்துச் சாத்தப்படும் கட்டில். அது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். "ரிட்டயர் ஆவட்டும், பாப்போம்" என்று நான் சொல்வேன். இரண்டு பேருக்கும் நிம்மதியாகிவிடும்.

அளக்கிற வேலை என் தலையில் விழுந்தது. எனக்குத் துணை எங்கள் பியூன். என்னைவிடச் சில மாதம் மூத்தவர். அண்ணன் என்ற முறையில் 'தாதா' என்று கூப்பிடுவேன். அவரும் என்னைத் தீதி என்றே கூப்பிடுவார், இந்த ஊரில் அது வழக்கம். ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் சாந்த்ராகாச்சியிலிருந்து ரயிலில் வருவார். அங்கே யார்டில் வண்டியை நிறுத்திப் போட்டுவிட்டார்கள் என்று வாரத்தில் ஒருநாளாவது தாமதமாக வருவார். நான் வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையால் ஒரு கோடு போடுவேன். அவர் அதற்காக முகம் சுளித்ததில்லை. மத்தியானம் தவறாமல் என் மேஜைக்கு வந்து, "சாப்ட்டாச்சா தீதி?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

அவர் டேப்பின் ஒரு முனையைப் பிடிக்க, நான் மறுமுனையைப் பிடித்து நோட்டில் எழுத, ஒரு வாரம் போயிற்று. நீளம் அகலம் எழுதுவது சுலபம். பயன்பாடு என்ற பத்தியில்தான் வம்பு. ஆசிரியர்கள் கேரம் விளையாடுகிற அறை கல்வியா? மாணவர் சங்க அறை, அங்கே கொடிக்கம்பும் தேநீர்க் கோப்பையும் தவிர வேறொன்றையும் நான் கண்டதில்லை, அது கல்வியா? சரஸ்வதி பூஜைச் சாமான்கள் அடைத்த அறை எந்தப் பத்தியில் வரும்? இந்த மூன்றாவது கேள்வியோடு முதல்வரிடம் போனேன். "சரஸ்வதியே படிப்பு இல்லைன்னா அப்புறம் எதுதான் படிப்பு, தீதி?" என்றார். எழுதிக்கொண்டேன். அந்த வாரம் எனக்கு உள்ளூரச் சந்தோஷமாக இருந்தது. ஒவ்வொன்றையும் ஓர் அங்குலம் பிசகாமல் அளந்து, எது எது என்று பேர் சொல்லி வைப்பதைவிட எனக்குப் பிடித்த வேலை உலகத்தில் இல்லை.

கடைசியாக என் அறைக்கு வந்தோம். தாதா கட்டிலைக் கொஞ்சம் நகர்த்தி, சுவரோடு டேப்பை அழுத்திப் பிடித்து அளவைச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "பயன்பாடு என்ன எழுதப்போறீங்க?" என்றார்.

நான் பென்சிலால் 'குடியிருப்பு' என்று எழுதினேன். எழுதிவிட்டு அதையே கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வெட்கமும் ஒரு மகிழ்ச்சியும் சேர்ந்து வந்தது. இந்த ஊரில் பிறந்து, இதே ஊரில் தலை நரைத்தவள் நான். துறைமுகக் குடியிருப்பில் அப்பா பேர் இருந்தது, டாக்குரியாவில் அம்மா பேர் இருந்தது. எங்கேயும் நான் இருக்கிறேன் என்று ஒரு காகிதம் சொன்னதில்லை. ஊருக்கு நான் ஏதோ ஒன்று தரவேண்டியவள் என்று ஆகிவிட்டால், நான் இங்கே இருக்கிறேன் என்று ஆகிவிடும். அசட்டு எண்ணம்தான். ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

மறுநாள் முதல்வர் கூப்பிட்டார். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர், வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. நல்ல பெண். நிர்வாகக் குழு என்றால் மட்டும் அவருக்குப் பயம்.

"இந்த ஒரு வரியை அழிச்சிடுங்க தீதி. ஒரு ரூம்ல ஆள் குடியிருக்காங்கன்னு தெரிஞ்சா மூணாம் மாடி முழுசையுமே சந்தேகப்படுவாங்க. நிர்வாகக் குழு என்னைத்தான் கேக்கும், யார் அனுமதிச்சதுன்னு. உங்ககிட்ட பேப்பர் ஏதாவது இருக்கா?"

"இல்ல மேடம்."

"அப்போ ட்யூட்டோரியல் ரூம்னு எழுதிடுங்க. ஆபீசர் வந்து பார்த்துட்டுப் போகட்டும். அப்புறம் எல்லாம் பழையபடிதான்."

நான் தலையாட்டினேன். அந்த அறை போனால் எனக்குப் போக்கிடம் இல்லை. அதற்கு முன்னால் என் வெட்கமும் மகிழ்ச்சியும் எந்த மூலைக்கு. மேஜைக்கு வந்து ரப்பரால் அழித்துவிட்டு, மையால் 'ட்யூட்டோரியல் அறை' என்று எழுதினேன். என் கையெழுத்து அழகாகவே விழுந்தது.

அதிகாரி வருவதற்கு முதல் நாள் அறையைக் காலி செய்ய வேண்டியிருந்தது. ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு கட்டில், அடுப்பு, நான்கு பாத்திரம், சாமி படம், ஒரு தையல் மெஷின். இதை ஒரே ஒரு நாள் எங்கே வைப்பது என்று யோசித்தேன். முப்பது வருஷமாக ஒரே கட்டடத்தில் என்னோடு வேலை பார்த்தவர்களின் பேரை ஒவ்வொன்றாக மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். எல்லாருடைய பிறந்த தேதியும் வேலையில் சேர்ந்த தேதியும் எனக்கு மனப்பாடம். ஆனால், 'உங்கள் வீட்டில் என் பெட்டியை ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள்' என்று கேட்க ஒருத்தர்கூடத் தேறவில்லை. கடைசியில் எல்லாவற்றையும் பழைய விடைத்தாள் கிடங்கில் போட்டுப் பூட்டினோம். தாதாதான் தூக்கினார். தையல் மெஷினின் மேல் ஒரு பழைய பேனரைப் போட்டு மூடினார்.

அறையில் ஆறு பெஞ்சும் ஒரு கரும்பலகையும் வந்தன. பலகையில் ஏதாவது எழுதியிருந்தால்தான் வகுப்பு நடக்கிற மாதிரி இருக்கும் என்று முதல்வர் சொன்னார். அரசியல் ஆசிரியை வந்து 'உள்ளாட்சி அமைப்புகள்: அதிகாரங்களும் கடமைகளும்' என்று எழுதி, கீழே நான்கு வரி போட்டுவிட்டு, பாதியில் ஒரு மூலையை வேண்டுமென்றே அழித்தார். தத்ரூபமாக இருந்தது. காலெண்டர் தொங்கிய இடத்தில் சுவர் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. அதற்கு நேராகப் பலகையைச் சாய்த்து வைத்தோம்.

அதிகாரி நாற்பது வயதுக்காரர். குடை, தோளில் ஒரு துணிப்பை, வியர்வை. மிரட்டுகிற ஆள் இல்லை. நான் எழுதிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வோர் அறையாக நின்று பார்த்து, டிக் அடித்துக்கொண்டே வந்தார். இரண்டு இடத்தில் என் அளவைச் சரிபார்த்துவிட்டு, "யார் அளந்தது? இவ்வளவு சுத்தமா யாரும் குடுத்ததில்ல" என்றார். என் முகம் மலர்ந்துபோனது, என்ன சொல்ல. மூன்றாம் மாடித் தென்கோடி அறைக்குள் வந்ததும் ஜன்னலோரம் போய் நின்றார். இந்த ஊரில் தெற்குக் காற்று என்றால் மனிதர்களுக்கு உயிர்.

"நல்ல காத்து. எத்தனை பேர் உக்காருவாங்க இங்க?"

"பன்னிரண்டு" என்றார் முதல்வர்.

"குடுத்து வெச்சவங்க" என்று சொல்லி டிக் அடித்தார். நான் வாசல்படிக்கு வெளியே நின்றிருந்தேன். பதினோரு வருஷம் படுத்து எழுந்த அறைக்குள் கால் வைக்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

பிறகு முதல்வரின் அறையில் உட்கார்ந்தோம். தேநீர், சந்தேஷ் இனிப்பு. அதிகாரி ஒரு படிவத்தை எடுத்து மேஜையில் வைத்தார். மேலே காட்டிய பகுதிகள் கல்விக்கு மட்டுமே பயன்படுகின்றன, வளாகத்தில் யாரும் குடியிருக்கவில்லை என்று அச்சிட்ட வாசகம். கீழே முதல்வரின் கையெழுத்து. அதற்கும் கீழே, அளவு எடுத்தவரின் கையெழுத்து, பதவி, வீட்டு முகவரி.

நான் கையெழுத்துப் போட்டேன். பதவியை எழுதினேன். அதிகாரி படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "அட்ரஸ் சொல்லுங்க தீதி, நானே எழுதிக்கறேன்" என்றார்.

நான் சொன்னேன். கதவு எண், தெரு, பின்கோடு, மூன்றாம் மாடி. கேஸ் சிலிண்டர்காரருக்கும் மருந்துக்கடைக்கும் கூரியர்காரருக்கும் நூறு தடவை சொன்ன அதே வரி, கேட்டதும் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. ஒரு காகிதத்தில் தப்பு விட்டால் தூங்காத ஆள் நான். எனக்கே அது நடந்தது.

அதிகாரி சிரித்தார். "காலேஜ் அட்ரஸ் இல்ல தீதி. உங்க வீடு."

முதல்வர் சட்டென்று இடையில் வந்தார். "அவங்க மதராஸ்காரங்க. தேஷ் அட்ரஸ் எழுதிக்கலாமே." தேஷ் என்றால் இவர்களுக்குச் சொந்த ஊர்.

"தாராளமா" என்றார் அதிகாரி. பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார்.

சொந்த ஊர். அப்பாவின் ஊருக்கு நான் இரண்டே தடவை போயிருக்கிறேன். அந்த வீட்டை நான் பிறக்கும் முன்பே விற்றாயிற்று. தெருப் பேர்கூட நினைவுக்கு வரவில்லை. எனக்குத் தெரிந்த சொந்த ஊர் ஜன்னலுக்கு வெளியே ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அதைச் சொல்ல முடியாது. அப்போதுதான் தம்பி வீடு நினைவுக்கு வந்தது. சென்னை, ஏதோ நகர், அடுக்குமாடி. எண் தெரியாது. "ஒரு நிமிஷம், என் தம்பிகிட்ட கேட்டுச் சொல்றேன்" என்று அங்கேயே உட்கார்ந்து போன் போட்டேன். தமிழ் அந்த அறையில் யாருக்கும் புரியாது என்ற தைரியம்.

"என்னக்கா, இந்த நேரத்துல? உடம்புக்கு ஒண்ணுமில்லயே?"

"ஒண்ணுமில்லடே. ஒன் வீட்டு அட்ரஸச் சொல்லு. ஒரு பேப்பர்ல எழுதணும்."

"என்ன பேப்பர்?"

"கார்ப்பரேசன் பேப்பர். நான் எங்க இருக்கேன்னு கேக்காவ."

"கவர்மெண்ட்டு பேப்பர்ல நம்ம அட்ரஸா? பின்னாடி வீட்டு விசயத்துல ஏதும் சிக்கலாயிராதுல்லா? தப்பா நெனைக்காதக்கா. அவகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுக் கூப்பிடட்டா?"

அவ என்பது அவன் மனைவி. அவளும் மோசமானவள் இல்லை. வீட்டுக் கடன் கட்டுகிறவர்கள், காகிதம் என்றால் பயப்படுவார்கள். இதெல்லாம் எனக்குப் பிறகு புரிந்தது.

"வேண்டாம்" என்றேன். "அவசரமில்ல." போனை வைத்தேன்.

முதல்வரும் அதிகாரியும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தேநீர்த் தட்டை எடுக்க வந்த தாதாவும் கதவருகே நின்றிருந்தார். ஏதாவது ஒரு தெருவின் பேரைச் சொல்லியிருக்கலாம். டாக்குரியா வீட்டையே சொல்லியிருக்கலாம், இடித்துவிட்டார்கள் என்று யார் போய்ப் பார்க்கப்போகிறார்கள். உண்மை பேச வேண்டும் என்ற பெரிய லட்சியம் எதுவும் எனக்கு அப்போது இல்லை. கோபம்தான் இருந்தது. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அவமானமும் இருந்தது.

"நான் இங்கதான் இருக்கேன்" என்றேன். "நீங்க நல்ல காத்துன்னு சொன்னீங்களே, அந்த ரூம்ல. பதினோரு வருஷமா."

முதல்வர் கண்ணை மூடிக்கொண்டார். அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, சந்தேஷ் தட்டை ஓரமாக நகர்த்தினார். பிறகு நிதானமாக, "எத்தனை பேர் இருக்கீங்க?" என்று கேட்டார்.

"ஒருத்தி."

படிவத்தில் அச்சடித்திருந்த அந்த வரியை அவர் அடித்தார். என் பட்டியலில் ட்யூட்டோரியல் அறை என்று இருந்ததையும் அடித்து, பக்கத்தில் 'குடியிருப்பு, ஒரு நபர்' என்று எழுதினார். முதல்வரைப் பார்த்து, "இதுக்கா மேடம் இவ்வளவு? அந்த ஒரு ரூமுக்கு மட்டும்தான் வரி வரும். மத்ததுக்கெல்லாம் விலக்கு அப்படியே இருக்கும். நேராவே எழுதியிருக்கலாம்" என்றார். கோபப்படவில்லை. குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிப் போனார். ஊர் என்னை எண்ணிக்கொண்டது. மொத்தம் அரை நிமிஷ வேலை.

முதல்வர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "இனி இது நிர்வாகக் குழுவுக்குப் போகணும் தீதி. என் கையில இல்ல" என்று மட்டும் சொன்னார். போயிற்று. கல்லூரிக் கட்டடத்தில் அனுமதியில்லாமல் யாரும் வசிக்கலாகாது என்று தீர்மானம் போட்டார்கள். ஒரு மாத அவகாசம் தந்தார்கள். எனக்கு வரவேண்டிய அந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்து, முதல்வரிடம் கையெழுத்து வாங்கி, அனுப்பு எண் போட்டு, எனக்கு நானே கொடுத்துக்கொண்டேன். பெற்றுக்கொண்டேன் என்று நகலில் கையெழுத்தும் போட்டேன். அது பொடோபாபுவின் வேலை.

நியூ டவுனில் ஓர் இடம் பார்த்தேன். ஒன்பதாவது மாடி, மகன் வெளிநாட்டில் இருக்கிற ஒருவருடைய ப்ளாட்டில் ஓர் அறை. அங்கே இந்த மாநகராட்சியின் அதிகாரம் செல்லாது, அது வேறு நிர்வாகம். பிறந்ததிலிருந்து இருந்த ஊரின் எல்லையைத் தாண்டிப் போகிறேன் என்பது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் உறைத்தது. அதற்கும் மேல் தேட எனக்குத் தெம்பில்லை.

காலி செய்த நாள் ஒரு சனிக்கிழமை. மத்தியானத்தோடு வகுப்புகள் முடிந்துவிட்டன. ஆசிரியைகள் இரண்டு மூன்று பேர் வந்து, "அடிக்கடி பார்க்கத்தானே போறோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அதே மேஜையில் பார்க்கத்தான் போகிறார்கள். டிரங்குப் பெட்டியை நானும் தாதாவும் இரண்டு பக்கமும் பிடித்து இறக்கினோம். இரண்டாம் மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்கப் பெட்டியைக் கீழே வைத்தோம்.

தாதா தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எதையோ பல நாளாக வைத்திருந்து கேட்பவர் போலக் கேட்டார்.

"அன்னைக்கு என் அட்ரஸ சொல்லியிருக்கலாமே தீதி?"

எனக்கு முதலில் புரியவில்லை.

"சாந்த்ராகாச்சில சொந்த வீடு. அப்பா கட்டினது. ரெண்டு ரூம், பின்னால கிணறு. நான் கதவுகிட்டதான் நின்னுட்டிருந்தேன். நீங்க என் பக்கம் பார்ப்பீங்கன்னு நெனச்சேன். பெட்டிகூட எங்க வீட்லயே வெச்சிருக்கலாம். விடைத்தாள் ரூம்ல எலி."

எல்லாருடைய பேரையும் மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன் என்று எழுதினேனே, அதில் அவர் பேர் வரவில்லை. மறந்துபோகவில்லை; எண்ணிப் பார்க்க வேண்டியவர்களில் ஒருவர் என்று தோன்றவே இல்லை. முப்பது வருஷமாக சாந்த்ராகாச்சி என்ற பேரை அவர் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன். எனக்கு அது ரயில் நின்றுபோகிற இடம், சிவப்புக் கோடு போடக் காரணமான இடம். அங்கே இவருக்கு ஒரு வாசல் இருக்கும், உள்ளே ஆட்கள் இருப்பார்கள் என்று நினைத்ததில்லை.

"சொல்லியிருக்கலாம்" என்றேன். "எனக்குத் தெரியலை, தாதா."

"நீங்க கேக்கலையே" என்றார் அவர். குறையாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னார். பிறகு குனிந்து பெட்டியின் தன் பக்கப் பிடியைப் பிடித்தார். மறுபக்கத்தை நான் தூக்கினேன். என்னைத் தனியாக விட்டுவிட்டார்கள், விட்டுவிட்டார்கள் என்று அந்த மாதம் முழுவதும் ஊர் மேலும் தம்பி மேலும் முதல்வர் மேலும் கசந்துகொண்டிருந்தேன். தினமும் சாப்பிட்டாயா என்று கேட்ட மனிதருக்குப் பிள்ளைகள் எத்தனை பேர் என்றுகூட எனக்குத் தெரியாது. கீழே போய்ச் சேரும்வரை அதை இப்போதாவது கேட்டுவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இறங்கினேன். வண்டிக்காரர் அவசரப்படுத்தினார், கேட்கவில்லை.